கல்வெட்டில் ஓர் எரிமலை

காலையில் எழுந்தேன். கோப்பி போட்டேன். பாணில் பழுப்புச் சீஸ் வைத்து, எண்ணெய்த்தாளில் மடித்து, பைக்குள் வைத்தேன். சவரம் செய்தேன். ரேடியோவில் காலநிலை சொன்னார்கள். மழை. சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தபோது மாமி நடந்துகொண்டிருந்தார். குசினியிலிருந்து பல்கனிவரை, பல்கனியிலிருந்து குசினிவரை. காலில் ஹம்சாவின் மலையேறும் சப்பாத்து.

"கடிக்குதோ மாமி?"

"வலது கடிக்குது. இடது பழகீட்டுது."

புதுச் சப்பாத்தோடு மலை ஏறக்கூடாது, சில வாரம் நடந்து பழக்க வேண்டும் என்று பயணக் குறிப்பில் இருந்தது. மாமி குறிப்புகளை மதிப்பவர். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, வீட்டுக்குள் குதிரை வளர்க்கிறீர்களா என்று நொர்வேஜியனில் கேட்டார். மாமிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றார் மாமி. நிற்கவில்லை.

நான் வேலைக்குப் போனேன். நகரத்தின் தண்ணீர்க் குழாய்களில் எங்கே அழுத்தம் கூடுகிறது என்று கணக்குப் பார்ப்பது என் வேலை.

ஹம்சா, முழுப்பெயர் ஹம்சத்வனி, என் மனைவி. அந்த வருடம், 2007, பெப்ரவரியில் இறந்துபோனாள். வயது இருபத்தொன்பது. தலையிடி என்று படுத்தாள். மூளையில் ஓர் இரத்தக்குழாய் வெடித்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். அதற்கு முந்திய மாதம்தான் எங்கள் இருவருக்கும் ஜாவாத் தீவில் ஒரு பயணம் பதிந்திருந்தாள். யூலையில் பத்து நாள். எரியும் மலைகளைச் சுற்றி நடப்பது. "இருபது வருசமாக் குளிர் மலையைப் பாத்தாச்சு. ஒருக்காச் சூடான மலையைப் பாப்பம்" என்றாள். தீவின் வரைபடத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். அது அங்கேயே இருந்தது.

மாமியின் பெயர் தங்கேஸ்வரி. திராமன் நகரில் தனியாக இருந்தவர். மகள் போனபிறகு ஒஸ்லோவின் ரொம்சோஸில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சமைத்தார். சாப்பிட்டேன்.

இந்த விசயம் கல்வெட்டில் தொடங்கியது. எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சிறு புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். முன்னால் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் புலம்பல் பாட்டு. ஒஸ்லோவில் பாதிப் பேருக்குப் புலம்பல் எழுதியவர் பாலேந்திரன் மாமா. மாமிக்கு ஒன்றுவிட்ட தமையன். பகலில் டிராம் ஓட்டுவார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது எதுகை தேடுவார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து குசினியில் இருந்தார்.

"தம்பி, கடைசியா என்ன சொன்னவ?"

"ஒண்டும் இல்லை மாமா."

"ஒண்டும் இல்லையெண்டு பாட்டில எழுதேலாது. ஏதும் சொல்லியிருப்பா. யோசிச்சுப் பாரும்."

யோசிக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும். அவள் ஒரு வசனம் சொன்னாள். சின்ன வசனம். ஆனால் அது மாமியின் காதுக்குப் போகக்கூடாத வசனம். ஆகவே யாருக்கும் சொல்லவில்லை. பாலேந்திரன் மாமா தேத்தண்ணி குடித்துக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார். அதிலே வரைபடம். சரி தம்பி என்று சொல்லி எழும்பினார்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் சாப்பாடு முடிந்து கல்வெட்டுக் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது:

எரிமலை காண்பம் என்றுநீ சொன்னாய்
தெரிவையே எம்மைத் தேம்பிட வைத்தாய்
விரிகடல் தாண்டி வெந்தநீ றதனைச்
சொரிகவென் றன்றோ சொல்லிக்கண் மூடினாய்!

முதலில் ஒரு மேசையில் அழுதார்கள். பிறகு அடுத்த மேசையில். பாயசம் பரிமாறிய பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். மாமி கண்ணாடியைத் துடைத்து இரண்டாம் முறை வாசித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தன்ர சாம்பலை எரிமலையில சொரியச் சொன்னவளோ?"

"மாமி..."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். இல்லை என்றால் அடுத்த கேள்வி எது என்று தெரியும். அப்ப என்னதான் சொன்னவள்? வாயை மூடினேன். மாமி என் கையைப் பிடித்து, "பாவம், எவ்வளத்தை மனசுக்குள்ள வச்சிருந்தனீங்கள்" என்றார்.

சிக்கல் என்னவென்றால் சொரிவதற்குச் சாம்பல் இல்லை. முதல் வாரமே முறைப்படி அனுமதி எடுத்து, படகில் போய், ஊருக்குள் நுழையும் கடலில், பியோர்டில், கரைத்துவிட்டோம். மாமி மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பாலேந்திரன் மாமா தீர்வோடு வந்தார்.

"கடல் ஒண்டுதானே தங்கம். பிள்ளை கரைஞ்ச தண்ணியில ஒரு போத்தல் அள்ளிக்கொண்டு போ. சாம்பலும் அதுக்குள்ளதானே."

"அது இப்ப எங்கை போயிருக்குமோ?"

"நாலு வாரத்தில எங்கை போறது? பியோர்ட் மூண்டு பக்கம் அடைச்ச தண்ணி."

பனி உருகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரைத்த இடத்துக்குப் பக்கத்துத் தீவின் இறங்குதுறையில் நின்று, மாமா வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். நாயோடு வந்த ஒருவர் என்ன பிடிக்கிறீர்கள் என்று விசாரித்தார். தண்ணீர் என்றார் மாமா. அந்த மனிதர் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு லீற்றர் சோடாப் போத்தல் நிரம்பியது. மாமி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். வரைபடத்துக்குப் பின்னால், கதவுத் தட்டில், பாலுக்குப் பக்கத்தில். காலையில் கோப்பிக்குப் பால் எடுக்கும்போது நான் கவனமாக எடுத்தேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. செத்தவீட்டுக்காரர் ஆட்டைத் திவசம் முடியுமட்டும், அதாவது ஒரு வருடம், மலைக்கோயில் ஏறக்கூடாது. இந்தத் துடக்கில், தீட்டில், மாமிக்குப் பயம். அதற்கும் பாலேந்திரன் மாமாதான் தீர்ப்புச் சொன்னார்.

"கோயில் இல்லாத மலைக்குத் துடக்கு இல்லை. அதோட, எரிமலை மலையே இல்லை. அது ஒரு கிடங்கு, வெறும் பள்ளம். கிடங்கைச் சுத்தி விளிம்பு. நீ மலை ஏறேல்லை. விளிம்பில நிக்கிறாய். அவ்வளவுதான்."

மாமி திருப்திப்பட்டார். ஹம்சாவின் இடத்தில் மாமியின் பெயரைப் பதியச் சொன்னேன். பயணத்தை நடத்துபவன் ஸ்டைனார், உடற்பயிற்சி ஆசிரியனாக இருந்தவன். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று எழுதினான். அடுத்த வரியில் மாமியின் சப்பாத்து அளவைக் கேட்டான்.

போத்தலைப் பயணப் பெட்டியில் வையுங்கள் என்று மாமியிடம் சொன்னேன். பிள்ளையைச் சாமான்களோடு போடமாட்டேன் என்றார். கைப்பையில் வைத்துக்கொண்டார். கார்டர்மூன் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைப் பெண் அதை வெளியே எடுத்தாள்.

நூறு மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கொண்டுபோக முடியாது. குடியுங்கள், அல்லது கொட்டுங்கள் என்றாள்.

"என்னவாம்?" என்றார் மாமி.

"குடிக்கட்டாம்."

"பிள்ளையையோ?"

பின்னால் வரிசை நீண்டது. நான் விதியை வாசித்தேன். ஒவ்வொன்றும் நூறு மில்லிலீற்றர், எல்லாம் ஆளுக்கு ஒரு மூடக்கூடிய பையில் அடங்க வேண்டும். திரும்பிப் போய், மருந்துக் கடையில் ஷம்பூ ஊற்றும் சின்னக் குப்பிகள் பத்து வாங்கினேன். ஸ்டைனார் தன் விமானச் சீட்டைச் சுருட்டிப் புனல் செய்தான். நான் ஊற்றினேன். மாமி மூடினார். ஒரு குப்பியின் மூடி இளஞ்சிவப்பு. அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பையில் எட்டுத்தான் அடங்கியது. மீதி இரண்டையும் என் பங்குப் பையில் போட்டேன்.

திரும்பவும் அதே பெண். "இது என்ன திரவம்?"

"என் மனைவி" என்றேன். வேறு சொல் வரவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். குப்பிகளைப் பார்த்தாள். பை முழுதாக மூடியிருக்க வேண்டும் என்றாள். மூடினேன். போகலாம் என்றாள்.

ஜாவாவில் எங்களோடு எட்டு நொர்வேஜியர்கள். நாலு சோடிகள். ரொம்சோஸ் ரயிலில் பக்கத்தில் இருந்தாலும் முகம் பார்க்காதவர்கள், மலையில் எதிரில் வருகிற எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னார்கள். ஆட்டுக்கும் ஒருவர் சொன்னார். எல்லோர் பையிலும் தோடம்பழமும் சொக்கலேட்டும் இருந்தன. எரிகிற மலையானாலும் பனி மலையானாலும் நொர்வேஜியன் உச்சியில் தோடம்பழம் உரிப்பான். கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு என்றான் ஸ்டைனார். அந்த நேரம் தூரத்து மலையொன்று சாம்பலைக் கக்கியது. அவன் மழைக்கோட்டைப் போட்டான்.

மாமியின் சேலைக்கு மேல் குளிர் ஜக்கெட். சேலைக்குக் கீழே ஹம்சாவின் சப்பாத்து. பைகளைச் சுமந்த உள்ளூர்ப் பெண்கள் அவரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். மாமியும் அவர்களைப் பார்த்தார். ஒருத்தி மாமியின் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள். இருவரும் எதற்கோ சிரித்தார்கள்.

முதல் மலை இஜென். கந்தக மலை. மேலே போகும்போது எல்லோருக்கும் முகமூடி கொடுத்தார்கள், முன்னால் வடிகட்டி வைத்தது. மாமி அதைப் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியில் பாலேந்திரன் மாமாவை அழைத்தார். மாமிக்கு யாரையாவது நாளுக்கு மூன்று தரம் அழைக்க வேண்டும்.

"ஆர் கதைக்கிறது?" என்று மாமா கத்துவது கேட்டது. "ஹலோ? தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிறியளோ?"

விளிம்பில் நின்று கீழே பார்த்தோம். கிடங்குக்குள் பச்சை நிறத்தில் ஓர் ஏரி. அதிலிருந்து ஆவி. மஞ்சள் கற்களைக் கூடையில் சுமந்துகொண்டு ஆட்கள் ஏறி வந்தார்கள். இரும்பைக்கூடக் கரைக்கும் அமிலம் என்றான் ஸ்டைனார், தன் வீட்டு ஏரியைக் காட்டுகிறவன் மாதிரி.

"இஞ்சை ஊத்துவமோ மாமி?"

மாமி முகமூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். இருமினார்.

"தண்ணிக்குள்ள தண்ணி ஊத்தவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? அது ஒஸ்லோவிலேயே செய்தாச்சு. நெருப்பு இருக்கிற மலைக்குக் கொண்டுபோங்கோ."

நெருப்பு இருக்கிற மலை மூன்றாம் நாள் வந்தது. புரோமோ. சாம்பல் நிறத்தில் ஒரு மணற்கடல். அதன் நடுவில் தலை வெட்டிய மலை. தலை இருந்த இடத்தில் புகை. மணலைக் குறுக்கே நடந்தோம். குதிரைக்காரர்கள் தொடர்ந்து வந்து ஏறச் சொன்னார்கள். மாமி மறுத்தார். மகளுக்காக நடக்க வந்தவர் குதிரையில் போனால் கணக்கில் சேராது என்றார். எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை. நொர்வேஜியர்களும் மறுத்தார்கள், உடற்பயிற்சிக்காக. குதிரைக்காரர்கள் எங்களை ஒரே சாதி என்று நினைத்திருப்பார்கள்.

மலைச்சரிவில் படிகள் கட்டியிருந்தார்கள். மேலே போகப் போகச் சத்தம் கூடியது. பெரிய அடுப்புக்குக் கீழே காற்று ஊதுகிற சத்தம். மாமி கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு சப்பாத்தையும் வைத்து ஏறினார். கையில் குப்பிப் பை. உச்சிக்குப் பத்துப் பன்னிரண்டு படி இருக்கும்போது நின்றுவிட்டார்.

"தம்பி. உது ஆர்?"

பார்த்தேன். விளிம்பில், புகைக்கு முன்னால், பிள்ளையார் இருந்தார். கல்லுப் பிள்ளையார். தும்பிக்கையில் சாம்பல் படிந்திருந்தது. காலடியில் பூ, வாழைப்பழம், ஊதுபத்தி. இந்த மலையைச் சுற்றி இருப்பவர்கள் இந்துக்கள், பழைய காலத்திலிருந்தே அப்படித்தான் என்று ஸ்டைனார் மேலேயிருந்து கூவினான். பயணக் குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறதே என்றான். மாமியை மகிழ்விப்பதாக நினைத்திருக்க வேண்டும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

மாமி அந்தப் படியிலேயே இருந்துவிட்டார். தொலைபேசியை எடுத்தார். சத்தம் கேட்பதற்காக ஒலிபெருக்கியைப் போட்டார். ஒஸ்லோவில் விடிகிற நேரம். பாலேந்திரன் மாமா டிராம் கொட்டகையில் நின்றார்.

"அண்ணை, இஞ்சை பிள்ளையார் இருக்கிறார்."

"எங்கை?"

"மேல. கிடங்கின்ர வாசல்ல."

"கோபுரம் இருக்கோ?"

"இல்லை."

"மணி?"

"இல்லை. புகை இருக்கு."

"சாம்பிராணியோ?"

"கந்தகம்."

கொஞ்சம் யோசித்தார். "பூ கிடக்கோ? பழம் கிடக்கோ?"

"ரெண்டும் கிடக்கு."

"அப்ப கோயில்தான் தங்கம். பிள்ளையார் இருந்து, பூ வச்சு, ஆளும் கும்பிட்டா அது மலைக்கோயில். நீ துடக்குக்காரி. இறங்கு."

"பிள்ளை கேட்டதெல்லோ அண்ணை? சாகேக்கை கேட்டதைச் செய்யாமல் எப்பிடி இறங்கிறது? துடக்கு என்னோட போகட்டும். நான் ஏறப்போறன்."

"ஏறாதை!"

"ஏறுவன்."

மாமி எழும்பி ஒரு படி வைத்தார். தொலைபேசியில் பாலேந்திரன் மாமாவின் மூச்சுக் கேட்டது.

"தங்கம், நில்லு. பிள்ளை கேக்கேல்லை."

"என்ன?"

"பிள்ளை அப்பிடி ஒண்டும் கேக்கேல்லை. அது நான் எழுதினது. எரி, தெரி, விரி எண்டு மூண்டு அடி தானா வந்திட்டுது. நாலாவதுக்குச் 'சொரி'யை விட்டால் வேற என்ன இருக்கு? சொரியிறதெண்டால் ஏதாவது சொரியவேணும். ஆர் போகப்போகினம் எண்டு நினைச்சன். சனம் அழுதது. பிறகு எப்பிடிச் சொல்லுறது? துடக்கோட நீ பிள்ளையாரிட்டை ஏறினா அந்தப் பாவம் என்ர தலையில விழும். சொல்லிப்போட்டன். எனக்கு டிராம் வெளிக்கிடுது."

டிராமின் மணி அடித்தது. தொடர்பு நின்றது.

மாமி திரும்பவும் படியில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கீழே மணற்கடலில் குதிரைகள் எறும்பு மாதிரி. மேலே தோடம்பழம் உரிக்கும் வாசனை, கந்தகத்தோடு கலந்து. ஒரு சோடி எங்களைத் தாண்டி இறங்கியது. காலை வணக்கம் என்றார்கள். மாமியும் நொர்வேஜியனில் காலை வணக்கம் என்றார்.

பிறகு குப்பிப் பையைப் பார்த்தார்.

"அப்ப இது வெறும் தண்ணி."

"ஓம் மாமி."

ஒரு குப்பியைத் திறந்தார். கையில் ஊற்றினார். முகத்தைக் கழுவினார். கன்னத்தில் சாம்பல் கரைந்து கோடாக இறங்கியது. இன்னொன்றைத் திறந்து என்னிடம் நீட்டினார். நானும் கழுவினேன். உப்பு. கண் எரிந்தது. ஐந்து மாதத்தில் என் கண்ணில் இருந்து தண்ணீர் வந்தது அதுதான் முதல் தடவை. உப்புத் தண்ணீரால்தான். மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு மலையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"அப்ப உண்மையா என்ன சொன்னவள்?"

"மாமி, அது பெரிய கதை ஒண்டும் இல்லை."

"பெரிய கதை நான் கேக்கேல்லை. பெரிய கதையை அண்ணை எழுதிப்போட்டார். பிள்ளை சொன்னதைச் சொல்லுங்கோ."

வெறும் குப்பியின் மூடியைத் திருகினேன்.

"அண்டைக்கு நான் அவளுக்கு நாலு தரம் போன் எடுத்தனான்" என்றார். "நாலாவது தரம் அவளின்ர போனில நீங்கள் கதைச்சனீங்கள். நித்திரை மாமி, எழுப்பட்டோ எண்டு கேட்டனீங்கள். வேண்டாம், படுக்கட்டும் எண்டு நான்தான் சொன்னனான். நான் எழுப்பச் சொல்லியிருந்தா?"

"ஒண்டும் மாறியிருக்காது மாமி. டொக்டர் சொன்னவர். அப்பவே முடிஞ்சுது."

"அது டொக்டர் சொன்னது. அவள் என்ன சொன்னவள்? என்னைப் பற்றி ஏதும் சொன்னவளோ? ஒரு சொல்லெண்டாலும்?"

அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் பொய்.

"உங்களைப் பற்றித்தான் சொன்னவ" என்றேன்.

மாமியின் கை என் முழங்கையைப் பிடித்தது. மலை உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலையால் வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் விழுந்ததை. நான் தலையிடிக் குளிசையும் தண்ணியும் கொண்டுபோனதை. திரைச்சீலையை இழுத்து மூடச் சொன்னதை. அது கடைசி வசனம் இல்லை. நான் கதவடிக்குப் போனபிறகு, தலையணைக்குள் முகத்தை வைத்தபடி ஒன்று சொன்னாள். அதைச் சொன்னேன்.

மாமி என்னை விலக்கி என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். முதலில் மூக்கால். பிறகு வாயைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியில் சாய்ந்து சிரித்தார். மேலே தோடம்பழம் தின்றுகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பூ விற்கிறவன் நின்றுவிட்டான்.

"கள்ளி" என்றார். "எனக்குத் தெரியும். வருசக்கணக்கா எனக்கு உந்த வேலைதான் செய்தவள். கள்ளி."

சிரிப்பு வேறொன்றாக மாறியது. பிறகு மறுபடி சிரிப்பானது. கண்ணைத் துடைத்தார்.

"திருப்பிச் சொல்லுங்கோ தம்பி. அவள் சொன்ன மாதிரியே."

அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"அம்மா எடுத்தா, நான் நித்திரை எண்டு சொல்லுங்கோ."